கழலாத மூன்றாம் நம்பர்

சங்குமுனை கால்பந்து லீக்கில் சீசன் முடிந்த மறுநாள் எல்லா ஆட்டக்காரர்களும் சங்க அலுவலகத்துக்கு வந்து தங்கள் ஜெர்சியைக் கழற்ற வேண்டும். கழன்றுவிட்டால் எந்தக் கிளப்புக்கு வேண்டுமானாலும் போகலாம். கழலாவிட்டால் போக முடியாது. விசுவாசம் உள்ளவனின் உடம்பைவிட்டு ஜெர்சி வராது என்பது சங்கத்தின் விதிப்புத்தகத்தில் மூன்றாவது பக்கத்திலேயே இருக்கிறது.

அந்த நாளுக்குக் கழற்றல் நாள் என்று பெயர். ஊரே கூடும். வாசலில் வேர்க்கடலை வண்டியும் ஐஸ் வண்டியும் காலையிலேயே இடம் பிடித்துவிடும். சங்குமுனை ரசிகர்கள் பொல்லாதவர்கள். வருஷம் முழுக்க டீக்கடையில் உட்கார்ந்து, இந்தக் காலத்து ஆட்டக்காரனுக்கு விசுவாசம் எங்கே இருக்கிறது, கூப்பிட்டவன் பின்னால் போகிறவன்தானே என்று உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் தங்கள் கிளப்பின் ஆள் மேடையேறும்போது மட்டும், இவனுக்குக் கழலாது, வேண்டுமானால் பாருங்கள் என்று பக்கத்தில் இருப்பவர் தொடையில் தட்டுவார்கள். கழன்றுவிடும். அடுத்த வருஷமும் அதே தொடையில் தட்டுவார்கள்.

கோல் போட்டதும் நெஞ்சில் இருக்கும் கிளப் சின்னத்தை இழுத்து முத்தம் கொடுக்கிறவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் கழலும். ஒரு வருஷம் லைட்ஹவுஸ் தெரு அணியின் ஃபார்வர்டு ஒருவன் மேடைப்படியில் கால் வைத்தவுடனேயே அவன் ஜெர்சி தானாகக் கழன்று காலடியில் விழுந்தது. அந்த சீசனில் பதினேழு கோல் போட்டுப் பதினேழு முறையும் முத்தம் கொடுத்தவன் அவன். குனிந்து எடுத்து, மடித்துக் கொடுத்துவிட்டு, புதுக் கிளப்பின் வேனில் ஏறிப் போனான். முப்பது வருஷத்தில் ஜெர்சி கழலாமல் போனவர்கள் நான்கே பேர். ஐந்தாவது ஆள் பெர்க்மான்ஸ்.

பெர்க்மான்ஸ் இடது பக்கத்தைக் காக்கும் லெஃப்ட் பேக். வயது முப்பத்து மூன்று. பதின்மூன்று சீசன்களில் ஒன்பது கிளப்புகளுக்கு ஆடி, ஒன்பது ஜெர்சிகளையும் ஒரே இழுப்பில் கழற்றிப் போட்டவன். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. யாராவது வாயைக் கிளறினால், "எந்த கிளப்புல இருக்கனோ அங்க உசுரக் குடுத்து ஆடுவேன். மாறிப் போனா அங்கயும் குடுப்பேன். ஒரு உசுர எத்தன எடத்துலதான் குடுப்பன்னு கேக்காதிய" என்று சிரிப்பான்.

பதினாலாவது சீசனில் அவன் ஆடியது உப்பளத் தொழிலாளர் கிளப்புக்கு. முழங்காலில் அடிபட்டுத் தேறிக்கொண்டிருந்தான். ஓர் இடம் வேண்டியிருந்தது, போனான். அந்த கிளப்பிடம் பீட்ரூட் நிறத்தில் மொத்தம் பதினாலு ஜெர்சிகள் இருந்தன. ஏழு வருஷமாக அதே பதினாலுதான். ஓர் ஆட்டக்காரன் போனதும் துவைத்துக் காயப்போட்டு அடுத்தவனுக்குக் கொடுப்பார்கள். பெர்க்மான்ஸுக்குக் கிடைத்தது மூன்றாம் நம்பர். கழுத்துப் பட்டி நைந்து, முதுகில் இருந்த மூன்று பாதி உரிந்து தொங்கியது. இருபத்திரண்டு ஆட்டங்களில் பத்தொன்பதில் தோற்றார்கள், மூன்றை டிரா செய்தார்கள். டிரா செய்த மூன்றில் ஒன்றுக்கு எதிரணி வரவே இல்லை.

அவனுக்காக வேறோர் இடம் காத்திருந்தது. துறைமுக அணி அவனைக் கூப்பிட்டிருந்தது. அங்கே ஆடப் போகிறவனுக்குச் சரக்குக் கிடங்கில் எழுத்தர் வேலை, ஐம்பத்தெட்டு வயதுவரை நிரந்தரம். கழற்றல் நாளிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் சங்க அலுவலகத்தில் வைத்துக் கையெழுத்துப் போட வேண்டும், போடும்போது உடம்பில் வேறு கிளப்பின் துணி இருக்கக் கூடாது. இரண்டே நிபந்தனைகள். முழங்கால் போன, முப்பத்து மூன்று வயது லெஃப்ட் பேக்கை இன்னொரு முறை யாரும் வேலைக்குக் கூப்பிடப் போவதில்லை. இது பெர்க்மான்ஸுக்கு நன்றாகத் தெரியும். அவன் மனைவி ரெஜினாவுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

கழற்றல் நாளில் அவன் முறை மதியம் வந்தது. மேடையில் கழற்றல் அலுவலர் சண்முகவடிவு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, கழுத்தில் விசில், எதிரில் படிவக் கட்டு.

"கைய தூக்கிக்கிட்டு நீங்களே கழட்டணும். வேற யாரும் தொடப்படாது" என்றார். எல்லோரிடமும் சொல்வதுதான்.

பெர்க்மான்ஸ் கீழ்விளிம்பைப் பிடித்து இழுத்தான். ஜெர்சி தொப்புள்வரை வந்து நின்றுவிட்டது. சிரித்துக்கொண்டே மறுபடி இழுத்தான். மூன்றாவது தடவை சிரிக்கவில்லை. நான்காவது தடவை முகம் ஜெர்சியின் நிறத்துக்கு வந்தது. சண்முகவடிவு எழுந்து வந்து, அவன் கழுத்துக்கும் பட்டிக்கும் நடுவில் பென்சிலைச் செருகிப் பார்த்தார். நுழையவில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்து, 'கழலவில்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

கூட்டம் வேர்க்கடலை மெல்வதை நிறுத்தியது. உப்பள கிளப்புக்கு ஊரில் இரண்டே ரசிகர்கள். அதில் ஒருவர், "சைஸு சின்னதா இருக்கும்" என்றார். இன்னொருவர் ஆமோதித்தார்.

கீழே இறங்கியவனை உப்பள கிளப்பின் செயலாளர் தங்கக்கனி மடக்கிப் பிடித்தார். எப்போதும் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடப்பவர், குரல் உயர்த்தாதவர்.

"தம்பி, ஒன்னைய வச்சிக்கிட வேண்டாம்னு நாங்க பொங்கலுக்கே முடிவு பண்ணியாச்சு. மூணாம் நம்பருக்கு வேற ஆளும் பேசி வச்சாச்சு. ஜெர்சியக் குடுத்துரு."

"எனக்கும் போவணும் அண்ணாச்சி. கழல மாட்டேங்குதே."

"நாங்க ஒண்ணும் பண்ணலயே" என்றார் தங்கக்கனி, உண்மையான வருத்தத்துடன். "ஒன்னைய ஒட்டவைக்க மாதிரி ஒரு காரியமும் நாங்க பண்ணல."

பெர்க்மான்ஸ் யோசித்துப் பார்த்தான். அவர் சொன்னது சரிதான்.

ரெஜினா ஐஸ் பிளான்ட்டில் மேற்பார்வையாளர். அழுத்தமான ஆள், எதையும் பாதியில் விடமாட்டாள். வீட்டுக்கு வந்ததும் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி, கழுத்து வழியாக ஊற்றி, அவன் முதுகில் கால் வைத்து இழுத்தாள். எண்ணெய் தரையெல்லாம் வழிந்தது, ஜெர்சி அசையவில்லை. மறுநாள் அவனைப் பிளான்ட்டுக்குக் கூட்டிப்போய் ஐஸ் பாளங்களுக்கு நடுவில் ஒரு மணி நேரம் நிறுத்தினாள். குளிரில் உடம்பு சுருங்கும், அந்தச் சமயத்தில் உருவிவிடலாம் என்பது அவள் கணக்கு. உடம்பு சுருங்கியது. ஜெர்சியும் கூடவே சுருங்கியது. பெர்க்மான்ஸுக்கு ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம். கத்தரியை எடுக்க முடியாது. ஜெர்சி கிளப்பின் சொத்து, வெட்டுகிறவனுக்கு ஆயுள் தடை.

மூன்றாம் நாள் அவள் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"நம்ம கல்யாணத்துக்கு ஒரு கோட்டு போட்டிருந்திய. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"கோயில்ல இருந்து வந்து அரை நிமிசம் ஆவல. கழட்டிக் கொடியில போட்டுட்டிய."

"அன்னைக்குப் புழுக்கம் ரெஜினா."

"இன்னைக்கும் புழுக்கந்தான்" என்றாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெர்க்மான்ஸுக்கு வெட்கமாக இருந்தது. திருட்டுத்தனமாக ஒன்றைச் செய்து, கையும் களவுமாக மாட்டிக்கொண்டு, ஆனால் என்ன செய்தோம் என்றே தெரியாமல் முழிப்பவனின் வெட்கம் அது.

ஐந்தாம் நாள் அவன் கோல்கீப்பர் வியாகுலத்தைப் பார்க்கப் போனான். கழலாத நான்கு பேரில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். அவர் ஆடிய பாண்டியன் ஸ்போர்ட்டிங் கிளப்பை இழுத்து மூடிப் பத்தொன்பது வருஷமாகிவிட்டது. அதன் மைதானத்தில் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். வியாகுலம் தினமும் நாலு மணிக்குப் பச்சை ஜெர்சியோடு வந்து, வடக்குக் கோல் இருந்த இடத்தில் நிற்பார். அந்த இடத்தில் இப்போது கை கழுவும் தொட்டிகள் இருந்தன. பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் கை கழுவினார்கள். முழங்காலை லேசாக வளைத்து, இரண்டு கைகளையும் விரித்து, வாசலையே பார்த்தபடி அவர் நின்றார்.

"எப்படிக் குளிக்கிய?" என்று கேட்டான் பெர்க்மான்ஸ்.

"சட்டையோடத்தான். வேப்பெண்ண சோப்பு மட்டும் போட்டுராத, சாயம் மங்கிரும்."

"கழட்டணும்னு தோணவே இல்லியா?"

வியாகுலம் வாசலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்தப் பத்தொம்பது வருசத்துல ஒரு கோலு உள்ள போவல தம்பி" என்றார். "கொஞ்சம் தள்ளி நில்லு. மறைக்குது."

பெர்க்மான்ஸ் வீட்டுக்கு நடந்தே வந்தான். வரும் வழியில் முடிவு செய்தான். மாப்பிள்ளை வீட்டார் கை கழுவும் இடத்தில் அவன் லெஃப்ட் பேக் ஆடப் போவதில்லை. இன்னும் பத்து நாள் இருக்கிறது, ஒரு கை பார்த்துவிடுவது. விசுவாசத்தால் ஒட்டியது வெறுப்பால் கழன்றே ஆக வேண்டும். தான் உப்பள கிளப்பை வெறுத்தால் போதும்.

வெறுப்பதற்கு விஷயம் வேண்டுமே. ஆறாம் நாள் காலை தங்கக்கனியிடம் போனான்.

"அண்ணாச்சி, கிளப்பு எனக்கு என்னென்ன கெடுதல் பண்ணிருக்குன்னு ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

தங்கக்கனி நேர்மையான மனிதர். ஜெர்சி வேண்டும் என்ற அவசரமும் அவருக்கு இருந்தது. பீரோவைத் திறந்து கமிட்டியின் தீர்மானப் புத்தகத்தை எடுத்துவைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். மூன்று நாட்கள் வாசித்தார்.

நாலாவது ஆட்டத்தில் பெர்க்மான்ஸுக்குக் கணுக்கால் பிசகியபோது கமிட்டி கூடியிருந்தது. சிகிச்சையைப் பற்றிப் பேசவில்லை, அவன் விழுந்ததில் வளைந்துபோன கொடிக்கம்பைப் பற்றிப் பேசியது. வெளியூர் ஆட்டம் ஒன்றில் அவன் காலுறை மாற்றிக்கொண்டிருந்தபோது வேன் கிளம்பிவிட்டது. டிரைவர் மறந்து விட்டுவிட்டுப் போனதாகத்தான் இத்தனை நாள் அவன் நினைத்திருந்தான். தீர்மானம் போட்டுத்தான் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள், உட்கார இடம் போதவில்லை. அணியின் புகைப்படத்தில் இடது ஓரத்தில் நின்ற அவனைச் சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று வெட்டியிருந்தார்கள். துறைமுக அணிக்காரர்கள் அவனைப் பற்றி விசாரித்தபோது, ஆள் பரவாயில்லை, கால்தான் சரியில்லை என்று எழுதியனுப்பியிருந்தார்கள்.

"இது நான் எழுதுனதுதான்" என்றார் தங்கக்கனி. "தப்பா எடுத்துக்கிடாத. இல்ல, எடுத்துக்க. அதுக்குத்தான வாசிக்கது."

பெர்க்மான்ஸுக்குக் கோபம் வந்தது. பொய்க் கோபம் இல்லை. கண் சிவந்து, காது சுட்டு, மேசையை ஓங்கிக் குத்தினான். புகைப்படத்தை நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது. ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எழுந்து நின்று கையைத் தூக்கி ஜெர்சியை இழுத்துப் பார்த்தான். முதல் நாள் சாயங்காலம் நைந்திருந்த கழுத்துப் பட்டி நேராகிவிட்டிருந்தது. இரண்டாம் நாள் உரிந்து தொங்கிய மூன்று முதுகில் படிந்து ஒட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் சாயம், கடையில் வாங்கி வந்த அன்று இருந்ததைப்போல் பளிச்சென்று ஏறிவிட்டது.

தங்கக்கனி புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் ஜெர்சியையே பார்த்தார். "இந்த ஏழு வருசத்துல இது இவ்வளவு நல்லா இருந்து நான் பாத்ததில்ல" என்றார்.

வெறுப்பு வேலைக்கு ஆகவில்லை. பெர்க்மான்ஸ் சளைக்கவில்லை. எங்கே ஒட்டியது என்று கண்டுபிடித்தால் அந்த இடத்தில் பிரித்துவிடலாம் என்று தோன்றியது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, சமையலறையில் உட்கார்ந்து, இருபத்திரண்டு ஆட்டங்களையும் ஒவ்வொன்றாக எழுதினான். எந்த நிமிஷம் எங்கே நின்றான், யார் என்ன சொன்னார்கள், என்ன நினைத்தான் என்று நினைவில் இருந்ததையெல்லாம் எழுதினான். தான் பெரிதாக எதையாவது செய்த ஆட்டம் ஒன்று அகப்படும், அதில்தான் சனியன் பிடித்திருக்கும் என்று நம்பினான். அப்படி ஓர் ஆட்டமும் அகப்படவில்லை. ஆறு கோல் வாங்கிய ஆட்டத்தில் நாலு கோல் அவன் பக்கமாகத்தான் போயிருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலையில், ரெஜினா வேலைக்குக் கிளம்புமுன் நோட்டை வாங்கிப் புரட்டினாள்.

"எல்லா ஆட்டத்துக்கும் ரெண்டு மூணு வரி எழுதிருக்கிய. ஏழாவதுக்கு மட்டும் ரெண்டு பக்கமா?"

"அன்னைக்கு மழ. ரெண்டு மணி நேரம் ஆட்டம் ஆரம்பிக்கல. அதான் நீண்டுட்டு."

"ரெண்டு மணி நேரமும் என்ன செஞ்சிய?"

"ஒரு தார்ப்பாய் இருந்துச்சு. பதினோரு பேரும் சுத்தி நின்னு தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிட்டு நின்னோம்."

"கை வலிக்கலயா?"

"வலிச்சுது. விட்டா பக்கத்துல நிக்கவன் நனஞ்சிருவாம்லா."

ரெஜினா நோட்டை மூடி அவன் மடியில் வைத்தாள். ஜெர்சியின் தோள்பட்டையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவள் போனதும் பெர்க்மான்ஸ் அந்த இரண்டு பக்கங்களையும் கிழித்து அடுப்பில் போட்டான். காகிதம் எரிந்தது. கையைத் தூக்கி இழுத்துப் பார்த்தான். அப்படியே இருந்தது.

பதினைந்தாம் நாள் மாலை நாலு மணிக்குச் சங்க அலுவலகத்தில் எல்லோரும் கூடினார்கள். சண்முகவடிவு மேசைக்குப் பின்னால் இருந்தார். துறைமுக அணியின் மேலாளர் ஒப்பந்தப் படிவத்தையும் திறந்த பேனாவையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து மணிக்குப் பதிவு மூடிவிடும். ரெஜினா அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். தங்கக்கனி ஒரு டிரைசைக்கிளில் கிளப்பின் பெயர்ப்பலகையை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அணியின் பதினாலு பேருடைய பெயரும் வெள்ளைப் பெயின்டில் எழுதிய மரப்பலகை அது.

"நான் மறுகழற்றல் கேக்கேன்" என்றார் தங்கக்கனி. ஆட்டக்காரன் கழலாதபோது கிளப் கழலுமா என்று பார்ப்பதற்கு ஒரு விதி இருந்தது. கிளப்பின் கையிலிருந்து ஆட்டக்காரனின் பெயர் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

சண்முகவடிவு ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு துணியும் கொடுத்தார். தங்கக்கனி துணியை நனைத்து, பிழிந்து, மூன்றாவது வரியில் ஒரே ஒரு முறை இழுத்தார். பெர்க்மான்ஸின் பெயர் முழுசாக வந்துவிட்டது. பலகையில் சுவடுகூட இல்லை. மரம் அந்த இடத்தில் புதிதாக இழைத்ததுபோல் இருந்தது.

பெர்க்மான்ஸுக்கு வலித்தது. தீர்மானப் புத்தகத்தை வாசிக்கக் கேட்டபோது வந்தது கோபம். இது அது இல்லை. ஒன்பது கிளப்புகளைவிட்டு வந்தபோது அந்த ஒன்பது பலகைகளும் எப்படி இருந்தன என்று அவன் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. முதல் தடவையாக ஒரு பலகையைப் பார்த்தான், அது சுத்தமாக இருந்தது.

'கிளப் கழன்றது. ஆட்டக்காரர் கழலவில்லை' என்று எழுதினார் சண்முகவடிவு. பிறகு விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து அதன் விளைவை வாசித்தார். பெர்க்மான்ஸ் இனி உப்பள கிளப்பின் ஆட்டக்காரர் இல்லை. ஜெர்சி கழலாததால் வேறு கிளப்புக்கும் போக முடியாது. ஜெர்சி உப்பள கிளப்புடையது, அவர்கள் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். எடுக்க முடியாது.

"இதுக்கு அடுத்த பக்கம் இல்ல" என்றார்.

சுவர்க்கடிகாரம் ஐந்து அடித்தது. துறைமுக அணியின் மேலாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "வாரேன் தம்பி. நல்ல ஆளுதான் நீ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். ஐம்பத்தெட்டு வயதுவரைக்குமான வேலை அவர் பின்னாலேயே இறங்கிப் போனது. ரெஜினா அது தெருமுனை திரும்பும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பதினைந்து நாளாக ஜெர்சியின் விளிம்பைப் பிடித்துப் பிடித்துப் பெர்க்மான்ஸின் விரல்கள் காய்த்துப்போயிருந்தன. அவன் விளிம்பை விட்டான். சுருக்கம் போக இரண்டு கையாலும் நீவி விட்டுக்கொண்டான்.

"அண்ணாச்சி, நான் ஆடுவேன்."

"எங்க ஆடுவ?"

"உப்பளத்துக்கு."

"நாங்க ஒன்னைய எடுக்கலயே தம்பி. நீயே பாத்தல்லா, ஒரு தொடப்புல போயிட்டு."

"பாத்தேன். நீங்க என்னைய எடுக்க வேண்டாம். நான் ஒங்கள எடுத்துக்கிடுதேன்."

"கிளப்பயா?"

"கிளப்பத்தான்."

சண்முகவடிவு மாறுதல் படிவத்தை எடுத்துப் பார்த்தார். அதில் மாறுபவர் என்று ஒரு கட்டமும், பெறுபவர் என்று ஒரு கட்டமும் இருந்தன. எந்தக் கட்டத்தில் மனிதன் வர வேண்டும், எதில் கிளப் வர வேண்டும் என்று எங்கும் போட்டிருக்கவில்லை. விசிலை ஒதுக்கிக்கொண்டு எழுத ஆரம்பித்தார். மாறுபவர்: உப்பளத் தொழிலாளர் கிளப். பெறுபவர்: பெர்க்மான்ஸ். பதிவு ஐந்து மணிக்கு மூடிவிடும் என்றது கிளப்பைத் தேடிப்போகும் ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான், ஆட்டக்காரரைத் தேடிவரும் கிளப்புக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது என்றும் சொன்னார்.

தங்கக்கனி கமிட்டியைக் கலந்து பேச வேண்டும் என்றார். கமிட்டியில் அவரைத் தவிர ஒருவர்தான், அவருடைய மைத்துனர். வராந்தாவில் நின்று போனில் பேசிவிட்டு வந்தார்.

"எங்களுக்கு ஒண்ணும் ஒட்டல தம்பி. நீ எடுத்துக்க" என்று சொல்லி, தீர்மானப் புத்தகத்தையும் பீரோச் சாவியையும் மேசையில் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து தெளிவாக, வேகமாக விழுந்தது.

மாறுபவருக்கு உடற்தகுதி பார்க்க வேண்டும் என்பதால் சண்முகவடிவு பலகையைத் தட்டிப் பார்த்து, நாடித்துடிப்பு எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டார். சாட்சிக் கையெழுத்துக்கு ரெஜினாவைக் கூப்பிட்டார்.

ரெஜினா பேனாவை வாங்கினாள். உடனே போடவில்லை. அவளுக்குக் கோபம் இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. "ஒங்கள வேலைக்கு அனுப்பி வைக்கேன்னு சொல்லி லீவு வாங்கிட்டு வந்தேன்" என்றாள்.

"தெரியும்."

"நாளைக்கு என்ன சொல்லுவேன்?"

"எனக்குக் கிளப்பு கெடச்சிருக்குன்னு சொல்லு."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பீட்ரூட் நிறம் அவனுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

"மழ பெஞ்சா அந்தத் தார்ப்பாய்க்குள்ள எனக்கு எடம் உண்டுமா?"

"உண்டு."

"நானும் பிடிக்கணுமா?"

"பிடிக்கணும்."

ரெஜினா கையெழுத்துப் போட்டாள். சண்முகவடிவு முத்திரை குத்தி, நகலைக் கிழித்துப் பெர்க்மான்ஸிடம் கொடுத்தார். மூன்று பேருமாகப் பலகையை டிரைசைக்கிளில் ஏற்றினார்கள். தங்கக்கனி குடையை இடுக்கிக்கொண்டு, தெருமுனைவரை பின்னாலிருந்து தள்ளிக்கொடுத்துவிட்டுத் தன் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் பிடிப்பதற்காக ரெஜினா கதவைத் திறந்தாள். வாசலில் மைதானம் வந்து நின்றிருந்தது. மூன்று கிலோமீட்டர் தள்ளி உப்பளத்தோரம் கிடந்த கிளப்பின் மைதானம். இடது பக்கக் கோடு அவர்கள் நடைவாசலை ஒட்டிப் போனது. கார்னர் கொடி தெருக்குழாயின் அருகில் நின்றது. எதிர்வரிசை வீடுகள் எழுபது கஜம் பின்னால் தள்ளிப்போயிருந்தன. அங்கே வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் சின்னதாகத் தெரிந்தார்கள்.

"ஏங்க, வந்துட்டு" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

பெர்க்மான்ஸ் எழுந்து வந்து பார்த்தான். நடுவட்டத்தில் மண் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"நடந்தே வந்திருக்கும்போல" என்றான். "மூச்சு வாங்குது."

ரெஜினா கார்னர் கொடியைச் சுற்றிக்கொண்டு போய் இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வந்தாள். ஒன்றைச் சமையலறையில் இறக்கினாள். இன்னொன்றை மைதானம் குடிக்கட்டும் என்று கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தாள்.